வெள்ளைப்பொழிக் கோயிலின் நிழல்

கோயில் போன பிறகுதான் அதன் நிழல் வந்தது. வெள்ளைப்பொழியில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். வேதக்காரர்களான கிறிஸ்தவர்களும் அப்படித்தான், சுடலைக்குக் கொடை கொடுப்பவர்களும் அப்படித்தான், எந்தச் சாமியையும் கும்பிடாத என்னைப் போன்றவர்களும் வேறு வழியில்லாமல் அப்படித்தான். ஏனென்றால் நடந்தது அந்த வரிசையில்தான் நடந்தது, நடந்ததை மாற்றிச் சொல்லுகிற வேலையை உப்புக் கம்பெனி ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.

உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற ஒரே ஒரு தெருவுக்குப் பெயர்தான் வெள்ளைப்பொழி. மேற்கே திரும்பினால் பாத்தி, பாத்திக்கு அப்பால் பாத்தி, அதற்கும் அப்பால் கண்ணைக் குத்துகிற வெள்ளை. கிழக்கே கம்பெனி ஆபீஸ், அதன் முதுகுக்குப் பின்னால் கடல். மரம் கிடையாது. அந்த உப்புக்காற்றில் வேம்பு வராது, புளி வராது, உடைமரம்கூட இடுப்புயரத்துக்கு மேல் எழும்பாது. தெருவில் மனிதன் தலைக்கு மேல் நிமிர்ந்து நின்றது வேதக்கோயில் ஒன்றுதான்: சுண்ணாம்புச் சுவர், பனங்கை உத்திரம், நாட்டு ஓடு, வாசலுக்கு மேல் சின்ன மணிக்கூண்டு, அதன் உச்சியில் காரைச் சிலுவை. விடிவதற்கு முன்பே இறங்கி உப்பு வாரி, வெயில் ஏறியபின் பாதம் வெடித்துக் கரையேறுகிறவர்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும், அந்தச் சுவர் ஓரத்தில் உட்கார்ந்துதான் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள்.

உப்பளத் தொழிலாளர் சங்கமாக நாங்கள் கம்பெனியிடம் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பாத்திகளுக்கு நடுவே ஒதுங்க ஒரு கூரை, குடிக்க நல்ல தண்ணீர். இதை நோட்டீஸ் அடித்துக் கேட்டோம், கொடி பிடித்துக் கேட்டோம், லேபர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து கேட்டோம், மீசை நரைக்கும்வரை கேட்டோம். நிழலைக் கொடுத்தால் தொழிலாளி அதிலேயே உட்கார்ந்துவிடுவான் என்று மேனேஜர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் மின்விசிறிக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார். கடைசியில், கூரை இல்லாமல் பாத்தியில் இறங்க மாட்டோம் என்று நின்றோம். கம்பெனி கேட்டைப் பூட்டியது. பூட்டிய கேட்டுக்கு வெளியே நாங்கள் கூட்டம் போட இடம் கொடுத்தது கோயில். உடனே, கோயில் நிற்கிற நிலமும் தெருவும் தன்னுடையவைதான் என்று கம்பெனி வழக்குப் போட்டது.

இந்த நேரத்தில்தான் ஐந்து கல் தொலைவிலுள்ள தாய்ச்சபையில் அசனப் பண்டிகை வந்தது. அசனம் என்றால் சபையே ஒன்றாய் உட்கார்ந்து உண்கிற விருந்து. பெரிய பெரிய செம்புகளில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் வெந்துகொண்டே இருக்கும், சாதி பாராமல் மதம் பாராமல் வந்தவர்களுக்கெல்லாம் இலை விழும், அதற்குப் போகாமல் வீட்டில் கிடக்க வேண்டுமானால் ஒன்று செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நடக்க முடியாதவராக இருக்க வேண்டும். அந்த நடக்க முடியாதவர்களையும் அந்த வருஷம் லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம், ஏனென்றால் கதவடைப்பில் எல்லா வயிறும் ஒன்றுபோலக் காய்ந்து கிடந்தது. பொழுது சாயத் திரும்பி வந்தபோது கோயில் இல்லை. இடிந்து கிடந்திருந்தால்கூட அழுவதற்கு ஒரு குவியல் இருந்திருக்கும். கல்லையும் ஓட்டையும் உத்திரத்தையும் மணியையும் அள்ளிக்கொண்டு போய், தரையைச் சமப்படுத்தி, மேலே மணலும் தூவிவைத்திருந்தார்கள். அந்த இடத்தில் எந்தக் காலத்திலும் எதுவும் இருந்ததில்லை என்று கம்பெனி வக்கீல் பிறகு கோர்ட்டில் சொன்னார். மணலைப் பார்த்தவர்கள் அதை நம்பத்தான் செய்வார்கள்.

அன்று ஊரே மண்ணை வாரித் தூற்றி அழுதது. அழாமல் நின்றவள் சுகிர்தம். அவள் கோயில்குட்டி, அதாவது கோயிலைக் கூட்டி, பாய் விரித்து, விளக்குத் துடைத்து, மணி அடிக்கிறவள். வழக்கமாக ஆண்கள் செய்கிற வேலை, அவள் புருஷன் செய்தது. அவன் இறந்துபோன பிறகு, சாவியை யாரிடம் கொடுப்பது என்று சபை யோசித்துக்கொண்டிருக்கும்போதே இவள் விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். காலையில் உப்பு வாருவாள், சாயங்காலம் கோயில் கூட்டுவாள். உப்பளத்து வெளிச்சம் அவளுடைய ஒரு கண்ணை ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தது, மற்றதிலும் படலம் இறங்கிக்கொண்டிருந்தது. உடனே ஆபரேஷன் செய்தால் அந்த ஒன்றாவது நிற்கும், தள்ளிப்போட்டால் போய்விடும், வெயிலில் மட்டும் நிற்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

அவள் மணலைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள். "ஏட்டி ஜெபசீலி, வாரியலை எடுத்துட்டு வா. யாரோ மண்ணைக் கொட்டிப் போட்டுட்டுப் போயிருக்கானுவ."

மறுநாள் காலையில் கூட்டினாள், அதற்கு மறுநாளும் கூட்டினாள். ஒரு தண்டவாளத் துண்டைப் பனங்கழியில் கட்டித் தொங்கவிட்டு, கோயில் மணி அடிக்கிற நேரத்துக்கெல்லாம் அதை அடித்தாள். அடித்துவிட்டு, வெட்டவெளியில், கொதிக்கிற தரையில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்து ஜெபித்தாள். அவளுடைய ஜெபம் மற்றவர்களுடையதைப் போலக் கெஞ்சலாக இருக்காது. வேலைக்கு நேரத்துக்கு வராத ஆளைப் பிடித்து வரப்பில் நிறுத்திக் கேட்பது போல இருக்கும். "ஆண்டவரே, கண்ணு வேணும்னுதான் கேக்கேன், மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. கோயிலும் வேணும், கேட்டும் தெறக்கணும். நீரு தரலைன்னா தரலை. ஆனா நான் கேக்காம இருந்துருவேன்னு மட்டும் நெனைக்காதீரும்."

உபதேசியார் தேவஇரக்கம் நல்ல மனிதர். எங்கள் சின்னச் சபைக்குப் பிரசங்கம் செய்கிறவர் அவர்தான். அவரே வந்து, "வெயில்ல கெடந்து மண்டையைப் போட்டுறாதம்மா, என் வீட்டு முற்றத்துல ஆராதனை வைப்போம்" என்று சொல்லிப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை. எனக்குச் சாமி கும்பிடுகிறவர்களைச் சீண்டுவது பழக்கம். நானும் போய்க் கேட்டேன்.

"ஏம்மா சுகிர்தம், கோயிலை இடிக்கும்போது உங்க ஆண்டவரு எங்கம்மா போயிருந்தாரு?"

"நம்ம கூடத்தான் அண்ணாச்சி, அசனத்துக்கு வந்திருந்தாரு" என்றாள். "நீங்க ரெண்டாவது தடவ கறி கேட்டியளே, அப்ப உங்களுக்குப் பக்கத்துலதான் நின்னாரு. நீங்க குனிஞ்ச தலை நிமிரலை."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கோயில் போன பிறகு வெள்ளைப்பொழி சிரித்தது அதுதான் முதல் தடவை. தலைவர்கள் மேடையில் முழங்கி முழங்கி ஜனங்களை எழுப்பப் பார்த்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். அழுகிற ஜனத்தை ஒரு வாக்கியத்தில் சிரிக்க வைத்தவளை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிந்திய ஞாயிற்றுக்கிழமைதான் நிழல் வந்தது. முதலில் கண்டுபிடித்தவை நாய்கள். தெரு நாய்கள் எல்லாம் எழுந்துபோய், வெறுந்தரையில், சுகிர்தத்தைச் சுற்றி நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு படுத்தன. அவள் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தவள், பிடரியைத் தடவிக்கொண்டு சொன்னாள்:

"எவட்டி அவ குடை பிடிக்கது? கை வலிக்கப் போவுது, மடக்கு."

யாரும் குடை பிடிக்கவில்லை. கண் தெரிந்தவர்கள் எல்லோரும் பார்த்தோம். தரையில் கோயில் கிடந்தது. சுவரின் நிழல், கூரையின் சரிவு, மணிக்கூண்டு, அதன் நுனியில் சிலுவை, எல்லாம் கரியால் வரைந்தது போல மேற்கே நீண்டு தெருவின் முதல் வீட்டு வாசல்வரை கிடந்தது; மேலே அண்ணாந்து பார்த்தால் ஆகாயமும் சூரியனும் மட்டும். பொழுது ஏற ஏற நிழல் சுருங்கி, உச்சிக்கு வந்தபோது கோயில் நின்ற இடத்தை அப்படியே மூடிக்கொண்டது. சாயங்காலம் கிழக்கே நீண்டு, மணிக்கூண்டுச் சிலுவை கம்பெனி ஆபீஸ் சுவரில் ஏறி, மேனேஜர் ஜன்னலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சூரியனோடு போய்ச் சேர்ந்தது.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஒரு காரியம் தினமும் நடந்தால் அதைப் பற்றி அதிசயப்பட எங்கள் ஜனத்துக்கு நேரம் கிடையாது. அதை எப்படி வைத்துக்கொள்வது என்கிற சண்டைதான் வரும். முதல் சண்டை செருப்புக்கு. கோயிலுக்குள் செருப்பு ஆகாது என்பதால் நிழலின் ஓரத்தில் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். ஆராதனை முடிவதற்குள் நிழல் நகர்ந்து செருப்பெல்லாம் கோயிலுக்கு உள்ளே கிடந்தது, பாதிச் சபை கோயிலுக்கு வெளியே கிடந்தது. அடுத்த சண்டை ஆணும் பெண்ணும் உட்காருகிற பக்கத்துக்கு. காலையில் பெண்கள் பக்கமாக இருந்தது சாயங்கால ஆராதனையில் ஆண்கள் பக்கமாகிவிட, இடத்தை மாற்றுவதா, பக்கத்தை மாற்றுவதா என்று சபைக் கமிட்டி கூடிப் பேசியது. உபதேசியாரின் பிரசங்கம் நீளமானது. அவர் பேசப் பேசச் சபை நிழலோடு சேர்ந்து உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து, ஒருநாள் அவரை வெயிலில் தனியாக விட்டுவிட்டது. அதன்பிறகு அவர் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொண்டார், அதற்காகப் பலர் ஆண்டவருக்கு மனதார ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

நிழலுக்கு நடுவே ஜன்னல்களின் வெளிச்சம் சதுரம் சதுரமாக விழும். அதில் உட்கார யாரும் விரும்பாததால், வாரத்தில் யார் வாய்ச்சண்டை போட்டார்களோ அவர்களுக்கு அந்த இடம் என்று தீர்ப்பானது. சுடலைக் கொடைக்கு மேளம் கொண்டுவந்தவர்கள் அந்த நிழலில்தான் மேளத்தைச் சாய்த்துவைத்துவிட்டுப் படுத்தார்கள். சைக்கிளில் தேநீர் விற்கிற பாய் ஒருவர் தினமும் அங்கே நின்று, தொழுகை நேரம் வந்தால் ஒரு மூலையில் துண்டை விரித்துத் தொழுதுவிட்டு, மறுபடி பாய்லரை மூட்டுவார். ஒரு கல்யாணம்கூட நடந்தது. போட்டோ எடுக்க வந்தவர் மட்டும், மாப்பிள்ளை முகத்தில் பாதி இருட்டு பாதி வெயில் விழுகிறது, எந்தத் தூணுக்குப் பின்னால் நிற்கிறார் என்றே தெரியவில்லை என்று முணுமுணுத்தார்.

பெரிய சபையின் ஆபீஸிலிருந்து காரில் ஒரு கமிட்டி வந்தது. வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் நிழலைச் சுற்றி நடந்து, இது சபையின் அசையும் சொத்தா, அசையாச் சொத்தா என்று பேசினார்கள். அசைகிறதைக் கண்ணால் பார்த்தார்கள். ஆனாலும் சபையின் சொத்து என்று எழுதினால் கம்பெனியோடு வம்பு வரும், எழுதாவிட்டால் ஜனங்களோடு வம்பு வரும் என்று கலர் சோடா குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். கம்பெனி சும்மா இருக்கவில்லை. தகரத் தட்டி அடித்துப் பார்த்தது. நிழல் தகரத்தின் மேலேயும் விழுந்தது. தரையெல்லாம் சுண்ணாம்பு தூவிப் பார்த்தது. வெள்ளைத் தரையில் நிழல் முன்னைவிடத் துலக்கமாகத் தெரிந்தது. கடைசியில் மேனேஜர், அது மேகம் என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் ஆனால் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

எங்கள் சங்கக் கூட்டமும் அங்கேதான் நடந்தது. செருப்பைக் கழற்ற வேண்டும், கெட்ட வார்த்தை பேசக்கூடாது என்று சுகிர்தம் இரண்டு நிபந்தனை போட்டாள். மேனேஜரைப் பற்றிப் பேச எனக்கு வேறு வார்த்தை கிடைக்காததால் அன்று என் பேச்சு சீக்கிரம் முடிந்தது. ஆனால் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக நான் நோட்டீஸ் நோட்டீஸாகக் கேட்டுக் கிடைக்காத நிழலில், தொழிலாளிகள், தூக்குச்சட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். யார் கொடுத்தது என்கிற விவாதம் எனக்கு இன்றும் தீரவில்லை. ஆனால் அது வருவதற்கு முன்னால் அந்த வெயிலில் உட்கார்ந்திருந்தது யார் என்பதில் விவாதமே கிடையாது.

அவளுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் மத்தியானம் கம்பெனியின் கணக்கப்பிள்ளை ஆவுடையப்பன் குடையும் கையுமாக வந்து, நிழலுக்குள் தயங்கித் தயங்கி நுழைந்தார். நான் அங்கேதான் இருந்தேன். என்னைப் பார்க்காதது மாதிரி அவளிடம் பேசினார்.

"சுகிர்தம், கம்பெனியே உன்னை மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிக் கண்ணு ஆபரேஷன் பண்ணிவிடும். பெரிய டாக்டரு. வேற எடத்துல வீடும் தரும். நீ ஒண்ணே ஒண்ணு சொன்னா போதும். இங்க பழைய கோயிலுன்னு ஒண்ணும் கெடையாது, கொஞ்ச நாளைக்கு முன்னால சும்மா ஒரு கொட்டகை போட்டோம்னு. சாவி உன்கிட்டத்தான இருந்துச்சு, நீ சொன்னா கோர்ட்டு கேக்கும்."

"சாவி இப்பவும் என்கிட்டத்தான் இருக்கு" என்றாள் சுகிர்தம். "நீங்க ஏன் ஓரத்துல நிக்கிய கணக்கப்பிள்ளை? வெயிலு அடிக்கும். இன்னும் கொஞ்சம் உள்ள வாங்க."

அவர் உள்ளே வந்தார். குடையை மடக்கினார். தூண் இருந்த இடத்தில் முதுகைச் சாய்க்கப் போய், சாய எதுவுமில்லை என்று ஞாபகம் வந்து நிமிர்ந்துகொண்டார். அவருக்கும் உப்பளத்து வெயில்தான், அவருக்கும் தலைவலிதான். அன்று பதில் வாங்காமலே போனவர், பிறகு சில மத்தியானங்களில் காரணமே சொல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஆட்கள் முறைப்பார்கள். அவள் மட்டும் பாயைத் தள்ளிக் கொடுப்பாள்.

பதிலை அவள் தன் மகளிடம்தான் சொன்னாள். தெருவே கேட்கச் சண்டை நடந்தது.

"ஆண்டவரு உன் கண்ணைக் கேட்டாராம்மா?" என்று கத்தினாள் ஜெபசீலி. "அவரு கேக்காததை நீ ஏன் தூக்கிக் கொடுக்க?"

"அவரு கேக்கலட்டி. கம்பெனிதான் கேக்கு. நம்ம தெருவைக் கேக்கு. என் வாயாலயே இல்லைன்னு சொல்லச் சொல்லுது."

"ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பெறகு மன்னிப்புக் கேட்டுக்க. உங்க ஆண்டவரு மன்னிக்க மாட்டாராக்கும்?"

"மன்னிப்பாரு. அது தெரிஞ்சுக்கிட்டு எப்படிட்டி பொய் சொல்லுறது? அவரு நல்லவருன்னு தெரிஞ்சு ஏமாத்துன மாதிரி ஆவாதா?"

ஜெபசீலி அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். "அண்ணாச்சி, அவ நம்பிக்கை அவளுக்கு. நாளைக்கு அவ கையைப் பிடிச்சு நடத்துறது யாரு? நான்தான? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா?" போராட்டத்தில் சிறைக்குப் போனவர்களின் வீடுகளில் இதே கேள்வியை எத்தனையோ பெண்கள் கேட்டு நான் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். அப்போது பிரசுரங்களில் படித்த பெரிய பெரிய வார்த்தைகளை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஜெபசீலியிடம் அந்த வார்த்தைகளைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் கொஞ்ச காலம் தாயோடு பேசாமல் இருந்தாள். பேசாமலே தினமும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் நிழலில் உட்கார வைத்துவிட்டு வந்தாள்.

ஐப்பசி பிறப்பதற்குள் சுகிர்தத்துக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. நிழல் வந்த நாளிலிருந்தே அவள் அதைச் சரியாகப் பார்த்தது கிடையாது. படலத்துக்குப் பின்னால் எல்லாமே அவளுக்கு ஒரே மங்கல். ஊரே பார்த்த அதிசயத்தை, அதற்காக வெயிலில் உட்கார்ந்திருந்தவள் பார்க்கவில்லை. இதை நான் அவளிடம் சொன்னபோது, "பாத்தவிய எல்லாம் சண்டைதான போடுதிய" என்று சொல்லிச் சிரித்தாள்.

பிறகு மழைக்காலம் பிடித்தது. கடலிலிருந்து மேகம் ஏறி வந்து உப்பளத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது, எழுந்திருக்கவே இல்லை. வெயில் இல்லை, அதனால் நிழல் இல்லை. யாருக்குமே நிழல் இல்லை, மனிதனுக்கும் இல்லை, நாய்க்கும் இல்லை. இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த காரியம். ஆனாலும் வெள்ளைப்பொழி பயந்துவிட்டது. நிழலைப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஜனம், நிழல் இல்லாத தரையைப் பார்த்ததும் அங்கே கோயில் இல்லை என்றே நினைக்கத் தொடங்கியது. சுவரும் ஓடும் போனபோதுகூட அவர்கள் அப்படி நினைத்ததில்லை. நிழல் திரும்பட்டும், அதுவரை என் வீட்டில் ஆராதனை வைத்துக்கொள்வோம் என்றார் உபதேசியார், எல்லோரும் சரி என்றார்கள். சுகிர்தம் மட்டும் ஒரு சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பழைய நேரத்துக்குப் போய், பழைய இடத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கம்பெனிக்கு வித்தியாசம் தெரிந்தது. மேகம் மூடினால் அங்கே ஆள் இருப்பதில்லை என்று கண்டுகொண்டார்கள். ஒரு புதன்கிழமை காலையில், தூறலுக்கு நடுவே, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார்; பின்னாலேயே மண் தோண்டுகிற எந்திரம் உறுமிக்கொண்டு வந்தது. இடத்தைப் பார்த்து, காலி நிலம் என்று அவர் எழுதிவிட்டால், எழுதிய கையோடு அதைப் பாத்தியாக வெட்டி உப்புத் தண்ணீரைப் பாய்ச்சிவிட ஏற்பாடு. பாத்தியாகிவிட்டால் அதன்பிறகு தெருவும் நிற்காது. எல்லோருக்கும் அது தெரியும். வீட்டு வாசல்களில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கூப்பிட்டேன். "நிழலைக் காணுமே அண்ணாச்சி, என்னத்தை நம்பிப் போயி நிக்க?" என்றார்கள். கொடியைக் காட்டியபோதெல்லாம் ஓடிவந்த ஜனம் அன்று அசையவில்லை. உபதேசியார் வாசல்படியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

எந்திரத்தின் சத்தம் சுகிர்தத்துக்குக் கேட்டிருக்கிறது. அவள் எழுந்து, தடவித் தடவிப் போய், தண்டவாளத் துண்டை அடித்தாள். ஆராதனைக்கு அடிக்கிற அடி இல்லை அது. ஒன்று அடித்து, நிறுத்தி, அது அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி ஒன்று. சாவு மணி. வெள்ளைப்பொழியில் சாவு மணி அடித்தால் எந்த வேதக்காரனும் வீட்டில் நிற்க மாட்டான். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் வருவார்கள், பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு வருவார்கள். அன்றும் வந்தார்கள். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு, "யாரு? யாரு போயிட்டா?" என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தார்கள்.

"இன்னும் யாரும் போகலை" என்றாள் சுகிர்தம், மணியடிக்கிற கம்பியைக் கீழே போடாமல். "கோயிலுதான் போகப் போவுது. அடக்கத்துக்கு வரமாட்டியளாக்கும்? வந்து உங்க உங்க எடத்துல இருங்க."

சாவு மணி பொய்யாக அடிக்கலாமா என்று கேட்க உபதேசியார் வாயைத் திறந்தார். அவள் அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அவர் வாயை மூடிக்கொண்டு, பீடம் இருந்த இடத்துக்குப் போய் நின்றார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். சேற்றில், மழையில், நிழலே இல்லாத தரையில், காலம்காலமாக உட்கார்ந்த அதே இடத்தில் ஒவ்வொரு குடும்பமும் உட்கார்ந்தது. எங்கள் ஊரில் அடுத்தவன் இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், உட்கார்ந்தால் அது ஒரு தலைமுறைச் சண்டை. ஜெபசீலி வந்து தாயின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வேதக்காரர் அல்லாதவர்களும் வந்து, எப்போதும் சாய்கிற வெளிச்சுவர் ஓரத்தில், சுவர் இருந்தால் எப்படி உட்காருவார்களோ அப்படி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். நானும் அந்த வரிசையில்தான்.

இன்ஸ்பெக்டர் குடைக்குள் நின்று எங்களைச் சுற்றிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. எழுதச் சொன்னதை எழுத வந்தவர்.

"ஏன் நடுவுல வழி விட்டு உக்காந்திருக்கீங்க?"

"கோயிலுன்னா நடுவுல நடைபாதை வேண்டாமா சார்?" என்றது ஒரு குரல்.

"அங்க ஏன் யாரும் இல்ல? அந்தா, அந்த எடத்துல?"

"அது தூணு சார்."

"இவரு ஏன் குனிஞ்சு ஒளிஞ்சு உக்காந்திருக்காரு?"

அந்த மனிதர் வெட்கத்தோடு நிமிர்ந்தார். "தூணுக்குப் பின்னால இருந்தா உபதேசியாரு பாக்க மாட்டாரு சார். கொஞ்சம் கண்ணயருவேன்."

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எந்திரத்தின் டிரைவர் கீழே இறங்கி வந்து, வரிசையைப் பார்த்து, நடைபாதையைப் பார்த்து, "சார், வாசல் எங்க இருக்குன்னுகூடத் தெரியுது, இதுக்குள்ள நான் எப்படி வண்டிய விடுறது?" என்று கேட்டார். கம்பெனி ஆபீஸ் பக்கமிருந்து மேனேஜர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை ஆவுடையப்பன் எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் நடைபாதையில் பீடம்வரை நடந்து போனார், திரும்பி வந்தார், வாசல் இருந்த இடத்தின் வழியாகவே வெளியே போனார். காலி நிலம் என்று தன்னால் எழுத முடியாது, நிலத்தில் சபை கூடியிருக்கிறது என்று எழுதுகிறேன், அதற்கு மேல் உங்கள் பாடு என்று மேனேஜரிடம் சொன்னாராம். எந்திரம் வந்த வழியே திரும்பியது. கம்பெனி அத்தோடு விட்டுவிடும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை; வழக்கு இன்னும் நடக்கிறது, கேட் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.

எந்திரத்தின் சத்தம் தேய்ந்து மறைவதற்கும் மழை நிற்பதற்கும் சரியாக இருந்தது. மேகம் கிழிந்து, கழுவிவிட்ட மாதிரி வெயில் இறங்கியது. எல்லோரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தோம்.

தரையில் எங்கள் தலைகளின் நிழல் கிடந்தது. பனங்கழியின் நிழல் கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை. சுவர் இல்லை, கூண்டு இல்லை, சிலுவை இல்லை. காத்திருந்தோம். வெயில் பிடரியைச் சுட ஆரம்பித்தது. ஒரு பெண் விசும்பினாள், இன்னொருத்தி அவள் வாயைப் பொத்தினாள். உபதேசியார் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"என்ன, ஒருத்தரும் சத்தம் காட்டாம இருக்கிய?" என்றாள் சுகிர்தம். "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. நீங்கதான் எனக்காவப் பொய் சொல்ல மாட்டிய."

"வெயில் வந்துட்டு சுகிர்தம்" என்றேன். "நிழல் வரலை."

அவள் கொஞ்ச நேரம் முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"வரலையா?" என்றாள். "சரி. அப்போ இனி நாமதான் கட்டணும்போல. யாரு யாரு வீட்டுல மம்பட்டி கெடக்கு?"

அவளுக்குக் கண் தெரியாது என்பதை மறந்துவிட்டு, ஆளாளுக்குக் கையைத் தூக்கினோம்.